எட்டு மோட்டார்களும் ஒரு கீறலும்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். ட்ரோனை எப்படிப் பறக்கவிடுவது, எப்படிப் படமெடுத்து வரைபடமாக்குவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆகவே நான் கட்டிய ட்ரோன்களில் ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது பதினேழு தடவை பறந்து திரும்பி வந்தது. பதினெட்டாவது தடவை போனது வரவில்லை.

அதற்கு முன் நான் இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரி இயந்திரங்களைத் திருத்தியவள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று இதயத் துடிப்பைக் காட்டும் பெட்டிகள், மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்புகள். அந்த வேலையில் ஒரு பெட்டியை வார்டுக்குத் திருப்பி அனுப்பும்போது நம்பலாம் என்று கையெழுத்து வைக்க வேண்டும், அல்லது வைக்காமல் விட வேண்டும். நடுவில் வேறொன்றும் கிடையாது. அப்படிப் பழகியவள் எப்படி இப்படியொரு காரியம் செய்தாள் என்று பிறகு என்னிடம் கேட்டார்கள். நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் மூன்று பேர். வட்டுக்கோட்டையில் வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டின் முன்னறைகளில் எங்கள் பட்டறை இருந்தது. நிறுவனத்தை நடத்தியவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், பொறியியல் படித்தவர். தன் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். எல்லோரும் அவரை மிஸ் என்றே கூப்பிட்டோம், இங்கும் அப்படியே எழுதுகிறேன். பறக்கவிடுபவன் சுதர்சன். வடகரையில் கடற்றொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை, அப்போது முப்பது வயதிருக்கும். கட்டுவதும் திருத்துவதும் என் வேலை. தோட்டக் காணிகளை அளப்பது, கூரைகளைப் படமெடுப்பது, கடல் எவ்வளவு கரையைத் தின்றிருக்கிறது என்று பார்ப்பது, இவைதான் எங்களுக்கு வந்த வேலைகள்.

ஒருநாள் எங்கள் நான்கு மோட்டார் ட்ரோன் ஒரு வெங்காயத் தோட்டத்துக்கு மேலே நின்றபோது ஒரு மோட்டார் நின்றுபோனது. நான்கில் ஒன்று நின்றால் மற்ற மூன்றும் சேர்ந்து ஒன்றும் செய்ய முடியாது. அது சுழன்றுகொண்டு வந்து விழுந்தது. விழுந்த இடத்துக்கு ஐந்தடி தள்ளி ஒரு பெண் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவர் எழுந்து உடைந்த துண்டொன்றைத் தூக்கிக்கொண்டு வரம்பால் நடந்து வந்து, "இது உங்கடையோ?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். மிஸ் அந்த ஐந்தடியைப் பார்த்தார். பிறகு, "இனி நாலு மோட்டாரோடை ஆக்களுக்கு மேலாலை பறக்கிறேல்லை" என்றார்.

அப்படித்தான் எட்டு மோட்டார் வந்தது. கைகள் நான்குதான். ஒவ்வொரு கையின் நுனியிலும் மேலே ஒரு மோட்டார், அதற்கு நேர் கீழே தலைகீழாக இன்னொன்று. இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் சுழலும். ஒன்று நின்றால் அதே கையிலுள்ள மற்றது தாங்கிக்கொள்ளும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. கீழ் விசிறிக்குக் கிடைப்பது மேல் விசிறி கலக்கிவிட்ட காற்று. ஆகவே மோட்டார் இரண்டு மடங்கானாலும் தூக்கும் பலம் இரண்டு மடங்காகாது, பற்றரி மட்டும் கெதியாக முடியும். மிச்சம் எல்லாம் எவ்வளவு பாரம் குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

புதுச் சட்டகம் ஒன்றை வெளியிலிருந்து எடுக்க மாதக்கணக்காகும் என்றார்கள். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் கலியாண வீடுகளுக்குப் படமெடுக்கும் ஒருவரிடம் பாவித்த சட்டகம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு நான்தான் போனேன். காபன் நாரில் செய்தது. நான்கு கைகளும் குடையைப் போல மடியும். கையில் தூக்கிப் பார்த்தபோது பாரமே தெரியவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது.

"விழுந்ததோ?" என்று கேட்டேன்.

"ஒருநாளும் விழேல்லை அக்கா. கலியாண வீட்டுக்கு மேலாலை விழுந்தா நான் இந்த ஊரிலை இருக்கேலுமோ?" என்று சிரித்தார்.

ஒவ்வொரு கையையும் நகத்தால் சுண்டிப் பார்த்தேன். மூன்று கைகள் ணங் என்றன. பின்னால் இடப்பக்கத்துக் கை டொக் என்றது.

"அதிலை ஒரு லைட் ஒட்டியிருந்தனான். பசை கிடக்குது, அதுதான்" என்றார் அவர்.

பசை கிடந்தது உண்மை. அதைச் சுரண்டிவிட்டு இன்னொரு தடவை சுண்டிப் பார்த்திருக்கலாம். நான் செய்யவில்லை. அந்தச் சட்டகம் எனக்கு வேண்டியிருந்தது. அவர் பொய் சொன்னார் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. அவருக்கு முன்னால் அது வேறொருவரிடம் இருந்ததா என்று நான் கேட்கவேயில்லை.

பட்டறைக்குக் கொண்டுவந்ததும் மிஸ் கேட்ட முதல் கேள்வி அதுதான். "ஆரின்ரை கையிலை எல்லாம் இருந்தது அக்கா? விழுந்ததோ?"

"கேட்டனான் மிஸ். விழேல்லையாம்."

இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன். டொக் என்ற சத்தத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த ஆறு வாரமும் நல்ல வாரங்கள். மேசையில் ஒரு தராசு வைத்து ஒவ்வொரு திருகாணியையும் நிறுத்தோம். வயர்களை அளந்து வெட்டினேன். படக்காரர் பூட்டியிருந்த அலங்காரத் தகடுகள், தடித்த கால்கள், கமராவைச் சுற்றியிருந்த கூடு எல்லாம் கழன்றன. ஒருநாள் உற்சாகத்தில், மோட்டார்களுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் இரண்டு தட்டுகளில் ஒன்றையும் கழற்றிவிட்டு, ஒன்றே போதும், ஐம்பது கிராம் மிச்சம் என்றேன். மிஸ் அதை எடுத்து என் முன்னால் திரும்ப வைத்தார்.

"இந்தத் தட்டு ஒண்டு எரிஞ்சா?"

"மற்றது இருக்கும்."

"ஒண்டுதான் இருந்தா?"

நான் திரும்பப் பூட்டினேன். மிஸ்ஸிடம் நான் கற்றவை அதிகம். அவர் ஒன்றையும் விளக்கமாகச் சொல்லமாட்டார். கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு உங்கள் கையிலேயே விட்டுவிடுவார்.

அறுவடை முடிந்த ஒரு வயலில் சோதனை செய்தோம். தலைக்கு மேலே நிற்கும்போது வேண்டுமென்றே ஒரு மோட்டாரை நிறுத்த வேண்டும். சுதர்சன் பொத்தானை அழுத்தினான். ட்ரோன் அந்தப் பக்கம் ஒரு சாண் சரிந்தது, யோசிப்பது போல நின்றது, பிறகு நிமிர்ந்தது. எட்டு மோட்டாரையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தோம். கடைசித் தடவை இறங்கும்போது காற்று ஒன்று தள்ளியது. இடப்பக்கம் முதலில் நிலத்தில் பட்டது. பலமாக அல்ல.

அடுத்த நாள் காலை மிஸ் கொழும்புக்குப் போய்விட்டார். கீரிமலைப் பக்கத்துக் கரையை அளக்கும் வேலை எங்களுக்கு வந்திருந்தது. அந்தக் கரையில் பறப்பதற்கான அனுமதி ஒரு வாரத்துக்கு மட்டும் கிடைத்திருந்தது. அதன் கடைசிக் கையெழுத்துக்காகத்தான் போனார். நான் தனியாக இருந்து ட்ரோனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின் இடக்கையின் அடியில், பழைய பசை இருந்த இடத்தைத் தாண்டி, ஒரு கீறல் ஓடியிருந்தது. ஒரு விரல் நீளம். மயிரளவு அகலம். விரலால் அமத்தியபோது அது திறந்து மூடியது.

அந்தக் காலையில் என் தலைக்குள் என்ன ஓடியது என்பதை ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன். இதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் என்று நினைக்கிறேன். மிஸ்ஸிடம் சொன்னால் இயந்திரம் நிலத்தை விட்டு எழும்பாது. புதுக் கை கிடைக்க மூன்று வாரம் செல்லும், அனுமதி முடிந்துவிடும். அது ஒரு காரணம். வெளியே சொல்லக்கூடிய காரணம். உள்ளே இருந்தது வேறு. சட்டகத்தைத் தெரிந்தெடுத்தவள் நான். விழவில்லை என்று சொன்னவள் நான். டொக் என்று கேட்டவளும் நான்தான்.

காபன் துணியை வெட்டி, பசை பூசி, மூன்று சுற்றுச் சுற்றினேன். காயவிட்டு அரத்தால் தேய்த்தேன். வேலை வடிவாக இருந்தது. அடுத்த நாள் சுதர்சன் அதைப் பார்த்தான்.

"என்ன அக்கா, இதிலை ஏதும் இருந்ததோ?"

"இல்லை. ஒரு பாதுகாப்புக்குச் சுத்தினனான்."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அவன் என்னை நம்பினான், அதனால் மேலும் கேட்கவில்லை. நான் ஒட்டிய ஒட்டு எவ்வளவு தாங்கும் என்று எனக்கே தெரியாது. அதைச் சோதிக்க வேண்டுமென்றால் ஏன் சோதிக்கிறோம் என்று அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

கரையில் முதல் நான்கு நாட்களும் விடிய வெள்ளெனவே போய், காற்று எழும்ப முன்னர் பறந்துவிட்டு வந்தோம். ஒவ்வொரு முறை இறங்கியதும் நான் முதலில் அந்தக் கையைத்தான் தொட்டுப் பார்ப்பேன். ஒன்றும் ஆகவில்லை. நான்காம் நாள் தொட்டுப் பார்க்க மறந்துபோனேன். மறந்தேன் என்பதே அன்றிரவு சாப்பிடும்போதுதான் ஞாபகம் வந்தது. தவறு ஒன்று பழகிப்போகிற விதம் அது.

ஐந்தாம் நாள் நாங்கள் தாமதமாகப் போனோம். சோழகம் வீசத் தொடங்கியிருந்தது. அந்தக் காற்று தென்மேற்கிலிருந்து வருவது. எங்கள் வடகரையில் அது தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். கீரிமலைக் கேணிக்குக் கிழக்கே, படகுகளை இழுத்து வைக்கும் இடத்தில் ஆட்கள் கூடி நின்றார்கள். முதல்நாள் பின்னேரம் கடலுக்குப் போன ஒரு படகு விடியத் திரும்பியிருக்க வேண்டும். பத்து மணியாகியும் வரவில்லை. அறிவிக்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் அறிவித்துவிட்டார்கள். வலை போட்ட இடம் மேற்கே என்பதால் தேடப்போன படகுகள் மேற்கே போயிருந்தன. கரையில் ஒரு படகு மட்டும் எண்ணெய் ஊற்றிக்கொண்டு நின்றது.

ஒரு பெண் எங்களிடம் வந்தார். நாற்பது வயதிருக்கும். செல்வராணி என்று பிறகு தெரிந்துகொண்டோம். படகில் போனவர்கள் அவருடைய கணவரும் தம்பியும்.

"தம்பி, உது எவ்வளவு தூரம் போகும்?" என்று எங்கள் ட்ரோனைக் காட்டிக் கேட்டார்.

சுதர்சன் கடலைப் பார்த்தான். கடலோடு வளர்ந்தவன். "எஞ்சின் நிண்டிருந்தா போட் மேற்கை இராது அக்கா. இந்தக் காத்துக்கு வடகிழக்காலை இழுபட்டிருக்கும்" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். "எழுப்புவம்."

அந்த நேரம் நான் சொல்லியிருக்க வேண்டும். அவன் பற்றரியைப் பூட்டினான், நான் விசிறிகளைப் பார்த்தேன், நேரம் போய்விட்டது. அந்தக் கரைக்கு எங்களிடம் அனுமதி இருந்தது, ஆனால் கரையை விட்டு வெளியே போவதற்கு மேலும் கேட்க வேண்டும். மிஸ் அன்று பட்டறையில் இருந்தார். போனில் சொன்னோம். தான் உரிய ஆட்களுடன் கதைப்பதாகவும் நாங்கள் தொடங்கலாம் என்றும் சொன்னார்.

காற்று பின்னால் தள்ள, ட்ரோன் சிரமமில்லாமல் போனது. நான் குடையைப் பிடித்துத் திரைக்கு நிழல் கொடுத்தேன். செல்வராணி எங்களுக்குப் பின்னால் நின்றார். திரையில் கடலும் வெள்ளை நுரையும் மட்டும். இரண்டு கிலோமீற்றர். மூன்று. சுதர்சன் தூரத்தையும் பற்றரியையும் மாறிமாறி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். திரும்ப வேண்டிய கட்டத்துக்கு வந்துவிட்டோம் என்று சொன்ன அதே வேளையில், திரையின் வலது மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் கண்டோம்.

"நுரை இல்லை, அக்கா. உது மறையேல்லை" என்றான்.

இன்னும் ஒரு கிலோமீற்றர் இருக்கும். அவன் மனதுக்குள் கணக்குப் பார்த்தான். "போய்ப் பாத்திட்டு, வரேக்கை முன்னாலை நல்லாச் சரிச்சு முழு வேகத்திலை இழுத்தா, காத்துக்கு எதிராயும் வந்து சேரும். சரியா மட்டுமட்டு. எட்டு மோட்டார் இருக்குத்தானே."

முன்னே சரிந்து எதிர்காற்றில் வேகமாகப் பறக்கும்போது பாரம் அதிகம் விழுவது பின் கைகளில். இது உங்களுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாதது ஒன்றுதான்.

"சுதர்சன்," என்றேன். "முழு வேகத்திலை இழுக்கேலாது. பின் இடக்கை வெடிச்சிருக்கு. நான் ஒட்டினனான்."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எப்ப?"

"போன கிழமை."

"எவ்வளவு?"

"ஒரு விரல் நீளம்."

"மெதுவா வந்தா தாங்குமோ?"

"தாங்கும். பற்றரி காணாது."

"அப்ப இப்பவே திரும்ப வேணும். இல்லாட்டித் திரும்பாது."

"ஓம்."

செல்வராணி கிட்ட வந்தார். "என்ன தம்பி, என்ன கதைக்கிறியள்?"

"ஒண்டுமில்லை அக்கா. பாத்துக்கொண்டு நில்லுங்கோ."

என்னிடம் போன் இருந்தது. மிஸ்ஸை அழைத்தேன். ஒரு படகு போலத் தெரிகிறது, கிட்டப் போனால் இயந்திரம் திரும்பி வராது என்றேன். ஏன் வராது என்று அவர் கேட்கவில்லை.

"கீழை ஆக்கள் இருக்கினமோ?"

"கடல்தான்."

"சுதர்சன் என்ன சொல்லுறான்?"

சுதர்சன் அதற்குள் ட்ரோனை முன்னே விட்டுவிட்டான். "போறான், மிஸ்" என்றேன்.

"அப்ப போகட்டும். என்னோடை கதைச்சுக்கொண்டு நேரத்தை விடாதேங்கோ."

புள்ளி படகானது. நீல நிறப் படங்குச் சீலை ஒன்று பாதி மூடிக் கிடந்தது. ஒருவர் எழுந்து நின்று சட்டையைக் கழற்றி ஆட்டினார். மற்றவர் எழும்பவில்லை.

"எங்கடை போட்" என்றார் செல்வராணி. கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு பேரோ?" என்றார்.

"ரெண்டு பேர்தான். ஒராள் படுத்திருக்கிறார்."

படுத்திருப்பது யார் என்று அவர் கேட்கவில்லை. திரையில் பார்த்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் பார்வையைத் திருப்பிக் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

படகு நின்ற இடத்தின் எண்களை நான் கையில் எழுதினேன். கரையில் நின்ற படகுக்காரர் அதைத் தன் போனில் குறித்துக்கொண்டு படகைத் தள்ளினார். மேற்கே போனவர்களுக்கும் சொன்னார்கள். சுதர்சன் ட்ரோனை அந்தப் படகுக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நின்றான். பற்றரி கத்தத் தொடங்கியது.

"போட்டுக்குள்ளை இறக்கினா மிசினாவது மிஞ்சும்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது.

"எட்டு விசிறி சுத்திக்கொண்டு இறங்கும். படுத்திருக்கிறவர் எப்பிடி விலகுவார்?" என்றான்.

படகிலிருந்து நன்றாக விலக்கிக் கொண்டுபோய்த் தண்ணீரில் மெதுவாக இறக்கினான். இனித் திரும்பாது என்று தெரிந்த ஒரு இயந்திரத்தைக்கூட, திரும்ப எடுக்கப்போகிறவனைப் போலத்தான் இறக்கினான். திரை பச்சையானது, பிறகு கறுத்துப்போனது.

பதினொரு மணிக்கு முன்னர் அவர்களைக் கண்டோம். படகுகள் அவர்களிடம் போய்ச் சேர ஒன்றரைக்கு மேல் ஆகிவிட்டது. எண்கள் சரி. ஆனால் காற்று அவர்களை விட்டுவைக்கவில்லை, இழுத்துக்கொண்டே போனது. அலையும் உயர்ந்திருந்தது. தாழ்ந்த படகொன்றை இன்னொரு தாழ்ந்த படகிலிருந்து தேடுவது லேசில்லை. செல்வராணியின் கணவர்தான் படுத்திருந்தவர். எஞ்சினைத் திருத்தப் போய் அவருக்கு இடக்கை வெட்டுப்பட்டிருந்தது. இரத்தம் போயிருந்தது, வெயிலும் சேர்ந்துகொண்டது. கரைக்குக் கொண்டுவந்தபோது ஆட்களை அடையாளம் காணும் நிலையில் அவர் இல்லை. ஆனால் உயிர் இருந்தது. அவருடைய மைத்துனர், செல்வராணியின் தம்பி, தானாகவே இறங்கி நடந்தார்.

கரையில் எல்லோரும் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். சோடா உடைத்துத் தந்தார்கள். யாரோ சுதர்சனைக் கட்டிப்பிடித்தார்கள். என் கையையும் பிடித்து அக்கா அக்கா என்றார்கள். நான் சோடாவைக் குடித்தேன்.

பட்டறைக்குத் திரும்பும் வழியில் சுதர்சன் மோட்டார் சைக்கிளை ஒரு மரத்தடியில் நிறுத்தினான். இறங்கி, என்னைப் பார்க்காமல் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை.

"காலமை சொல்லியிருந்தா நான் கரையிலையிருந்து எழுப்பியிருக்க மாட்டன் அக்கா. மிசினை மடிச்சுக்கொண்டு அந்தப் போட்டிலையே ஏறியிருப்பன். அங்கை போய் எழுப்பியிருந்தா காத்துக்கு எதிரா இழுக்க வேண்டி வந்திராது. எங்களிட்டை இன்னும் ரெண்டு பற்றரி இருந்தது. கண் வைச்சுக்கொண்டே நிண்டிருக்கலாம். அந்தாளை ரெண்டு மணித்தியாலம் முந்தி எடுத்திருக்கலாம்."

பிறகு ஏறி, வண்டியை உதைத்தான்.

எங்களைக் கட்டிப்பிடித்தவர்கள் ஒருவருக்கும் அந்த இரண்டு மணித்தியாலத்தைப் பற்றித் தெரியாது. அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

அன்று பின்னேரமே மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டொக் என்ற சத்தம், கீறல், ஒட்டு, நான் சுதர்சனுக்குச் சொன்ன பதில். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"சுதர்சனிட்டைச் சொல்லிட்டியளோ?"

"பறக்கேக்கை சொன்னனான்."

"பறக்கேக்கை சொன்னா அவனுக்கு என்ன செய்ய இருக்கு, அக்கா?"

வேலையை விட்டுப் போகச் சொல்லுவார் என்று நினைத்திருந்தேன். சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அடுத்த சட்டகத்தையும் நான்தான் கட்டினேன். அதை முதல் முறை எழுப்புவதற்கு முன் சுதர்சன் என் மேசைக்கு வந்து, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, "இதிலை என்ன என்ன இருக்கு?" என்று கேட்டான். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஒவ்வொரு முறையும் கேட்டான். முதலில் அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் வேலையை விடும்வரை கேட்டான், நானும் சொன்னேன்.

கீறல் விழுந்த கை ஒன்றோடும் பறக்கலாம். அவன் எத்தனையோ குறைகளோடு பறந்திருக்கிறான், தெரிந்துகொண்டு பறந்திருக்கிறான். ஒரு குறை தெரிந்தால் அதைச் சுற்றிப் போக அவனுக்குப் பத்து வழி இருக்கும். அவனிடம் இருந்த அந்தப் பத்து வழியையும் நான் ஒரு வாரம் என் மேசை லாச்சிக்குள் பூட்டி வைத்திருந்தேன். இதைவிட நன்றாக இதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். செல்வராணியின் கணவர் பத்து நாள் வார்டில் கிடந்தார். பத்தாம் நாள் நான் பார்க்கப் போனேன். அவரிடம் சொல்லத்தான் போனேன். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டு போகவில்லை, யோசித்திருந்தால் போயிருக்க மாட்டேன். அவர் சாய்ந்து இருந்தார், இடக்கையில் கட்டு. கட்டிலின் கால்மாட்டில் அவருடைய மைத்துனர் நின்றார். செல்வராணி சுடுதண்ணிப் போத்தலிலிருந்து தேத்தண்ணி வார்த்துக்கொண்டிருந்தார்.

ட்ரோனின் கை வெடித்திருந்ததையும், நான் அதை மறைத்ததையும், மறைக்காமல் இருந்திருந்தால் இரண்டு மணித்தியாலம் முந்தி வந்திருக்கலாம் என்பதையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்றார், "அந்த எஞ்சின் ஒரு கிழமையாய்ச் சரியில்லை. நடுவிலை நிண்டு நிண்டு பிடிச்சது. எனக்குத் தெரியும்."

மைத்துனர் தலையை நிமிர்த்தினார். "எனக்குச் சொல்லேல்லையே, அத்தான்."

"சொன்னா நீ வரமாட்டாய்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார், நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி என்பது போல. எனக்கும் அந்த நேரம் அது ஒரு ஆறுதலாகத்தான் இருந்தது.

செல்வராணி தேத்தண்ணியைக் கொண்டுவந்து முதலில் என்னிடம் தந்தார், பிறகு அவரிடம். போத்தலின் மூடியைத் திருகி மூடினார்.

"நீங்கள் ரெண்டு பேரும் உங்களுக்குள்ளை தெரிஞ்சு வைச்சிருந்தியள்" என்றார். "கரையிலை நிண்டது நான்."